தீவில் ஓராண்டு

அயலூரில் குடியமர்ந்த நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. இந்த வாடகையும் இந்த நெரிசலும் போதும். கடலோரத்தில் நாலு தென்னையும் ஒரு குடிலும் இருந்தால் கணவனும் மனைவியுமாக அமைதியாக வாழ்ந்துவிடலாமே என்பது அப்பேச்சு. கணவர் சொன்னால் மனைவி சிரிப்பார். மனைவி சொன்னால் கணவர் கணக்குப் போடத் தொடங்குவார். அத்துடன் அது முடிந்துவிடும். பேச்சோடு நில்லாமல் உண்மையாகவே புறப்பட்டுச் சென்ற இளந்தம்பதியர் இருவரின் வரலாற்றை இத்திங்கள் நேயர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

நார்வே நாட்டினரான தோர் ஹெயர்டாலும் லிவ் அம்மையாரும் 1936-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முதல் நாள் மணம் புரிந்துகொண்டனர்; மறுநாளே பயணப்பட்டனர். கணவர் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றவர், வயது 22. மனைவிக்கு வயது 20. நாகரிகம் மனிதனை இயற்கையினின்று பிரித்துவிட்டது, அதன் துணையின்றி வாழ இயலுமா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய வேட்கை. பசிபிக் மாகடலில் தாஹிதித் தீவில் தெரியேரூ என்னும் தலைவர் இருவரையும் தம் மக்களாகவே ஏற்றுத் தீவு வாழ்க்கையின் முதற்பாடங்களைக் கற்பித்தார். பின்னர் 1937-இல் மார்க்கேசாஸ் தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள ஃபாட்டு ஹிவாவில் சென்று இறங்கினர்.

தொடக்கம் இனிதாகவே இருந்தது. ஒமோவா என்னும் பள்ளத்தாக்கில் ஓடையும் நிழலும் இருந்தன. தேங்காய், வாழை, நம்மவர் ஈரப்பலா என்றும் கறிப்பலா என்றும் கூறும் பழம், ஓடையில் இறால் என உணவுக்குப் பஞ்சமில்லை. ஊரார் துணையுடன் மூங்கிற்குடில் ஒன்றும் எழுந்தது. ஆனால் அக்குடில் பச்சை மூங்கிலால் ஆனது. முற்றாத மூங்கிலை வண்டு துளைக்கும் என்பது நம் சிற்றூர்ப் பெரியவர் எவரும் அறிந்த செய்தி. நாள்தோறும் சுவரிலிருந்து வெண்பொடி உதிர்ந்தது. சில திங்களில் குடிலே உளுத்துப் போயிற்று.

மழைக்காலம் வந்ததும் கொசுக்கள் பெருகின. அத்தீவில் யானைக்கால் நோய் பரவியிருந்தமையால் ஒவ்வொரு கடியும் அச்சம் தந்தது. இருவர் கால்களிலும் ஆறாத புண்கள் தோன்றின. காட்டு மருந்து பயன்படவில்லை. இறுதியில் சிறு படகொன்றில் கொந்தளிக்கும் கடலைக் கடந்து, ஹிவா ஓவா என்னும் தீவிலிருந்த மருத்துவப் பணியாளரிடம் செல்ல வேண்டியதாயிற்று. நாகரிகத்தைத் துறந்து வந்தவர்கள் அதன் மருந்தையே தேடிக் கடல் கடந்தனர். இதனை ஏளனமாக நாம் கூறவில்லை. உயிர் மேல் உள்ள பற்றுக் கொள்கையினும் வலியது என்பதையே குறிக்கின்றோம்.

இவ்விடத்தில் தீவின் பழைய கதையையும் சிறிது நோக்குதல் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஆளில்லாத கல்மேடைகள் காடு மூடிக் கிடந்தன. அவை ஒரு காலத்தில் வீடுகள் நின்ற தளங்கள். 1595-இல் ஸ்பானியக் கப்பல்கள் அத்தீவுகளைக் கண்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் கப்பல்கள் பல வந்தன; அவற்றோடு அம்மை, காசம் முதலிய நோய்களும் வந்தன. பல்லாயிரவராக இருந்த தீவுக் கூட்டத்தின் மக்கள்தொகை 1920-களில் ஏறத்தாழ 2,000 ஆகச் சுருங்கிற்று. ஆகவே அந்த இளந்தம்பதியர் நாடிச் சென்ற தனிமை இயற்கை அளித்த தனிமையன்று; இறந்தோர் விட்டுச் சென்ற வெறுமை. வெளியூரான் ஒருவன் 'ஆளற்ற இடம்' என்று மகிழும்போது, அங்கிருந்தோர் எங்கே போயினர் என்று கேட்பது முறை.

புண் ஆறிய பின் மீண்டும் ஃபாட்டு ஹிவாவுக்குத் திரும்பி, மலையைக் கடந்து கிழக்குக் கரைக்குச் சென்றனர். ஊயா என்னும் அப்பள்ளத்தாக்கில் தேய் தெத்துவா என்னும் முதியவர் தம் வளர்ப்பு மகளுடன் வாழ்ந்து வந்தார். அவர் காட்டிய அன்பே அவ்வாண்டின் பெரும் பேறு எனலாம். மாலையில் தீமூட்டி அமர்ந்து, தம் முன்னோன் திக்கி என்பான் கிழக்கே கடலுக்கு அப்பாலிருந்து வந்தான் என்று அம்முதியவர் கூறினார். ஆயினும் அந்த அமைதியும் நீடிக்கவில்லை. வெள்ளையரிடம் பொருள் உண்டு என்றறிந்து பிறரும் வந்து சேர்ந்தனர், பூசல் முளைத்தது. இறுதி நாட்களில் இருவரும் கடற்கரைக் குகையொன்றில் தங்கிக் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். 1938-இல் தாயகம் திரும்பினர்.

அம்முதியவரின் சொல் ஹெயர்டாலை விடவில்லை. 1947-இல் கோன்-டிக்கி என்னும் கட்டுமரத்தில் ஐவர் துணையுடன் பெருநாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாட்கள் கடலில் மிதந்து பசிபிக் தீவொன்றை அடைந்தார். தீவினர் தென் அமெரிக்காவிலிருந்து குடியேறினர் என்ற அவருடைய கொள்கையை அறிஞர் ஏற்கவில்லை. அவர்கள் மேற்கே ஆசியப் பக்கமிருந்து வந்தோர் என்பதே துணிபு. எனினும் 2020-இல் வெளியான மரபணு ஆய்வு, கி.பி. 1200-ஐ ஒட்டி அத்தீவினர்க்கும் அமெரிக்கப் பழங்குடியினர்க்கும் கலப்பு நேர்ந்தது எனக் காட்டிற்று. முதியவர் சொன்ன கதையை முற்றும் புறந்தள்ளுவதற்கில்லை.

லிவ் அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல். அவ்வாண்டைப் பற்றி நூல்கள் எழுதியவர் கணவர். உலகப் புகழ் பெற்றவரும் அவரே. விறகு மூட்டியதும், புண்பட்ட காலுடன் மலையேறியதும், உளுத்த குடிலில் இரவைக் கழித்ததும் இருவர்க்கும் பொது. அவர்களுக்கு இரு ஆண்மக்கள் பிறந்தனர். ஆயினும் அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1949-இல் கணவர் வேறொரு மணம் புரிந்தார். தீவின் துன்பத்தைச் சேர்ந்து தாங்கியோர், ஊர் திரும்பிய பின் பிரிந்தனர். கணவரின் கனவுக்காகத் தன் ஊரை விட்டுவரும் பெண்ணின் பங்கை யார் எழுதி வைக்கின்றனர்? நம் இல்லங்களிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. மாற்றல் உத்தரவு வருவது ஒருவர் பெயருக்கு. மூட்டை கட்டுவதும், புதிய மொழியில் காய்கறிக்காரரிடம் விலை பேசுவதும் மற்றவர் கைக்கு.

தீவுக்குப் போக வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. எங்கே போனாலும் நம் உடலும் குணமும் கூடவே வருகின்றன. நாம் செல்லும் இடத்தில் நமக்கு முன்பே மக்கள் இருக்கின்றனர். அவர்கள் மொழியில் நாலு சொல் கற்று, எந்த மூங்கில் முற்றியது என்று அடக்கமாகக் கேட்டறிந்தவர்க்கே அயலூர் ஊராகும். தெருக்கோடியில் திண்ணையில் அமர்ந்திருக்கும் வேற்றுமொழிப் பெரியவர் ஒருவர் நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவரிடம் இந்த வாரம் ஒருமுறை சென்று பேசிப் பாருங்கள்.