வம்சம் என்பது யாருடைய கணக்கு?

வம்ச வரலாறு தேடப் புறப்படுகிறவர் முதலில் ஓர் ஆணின் பெயரை எடுத்துக்கொள்கிறார். அவனுடைய அப்பா, அப்பாவின் அப்பா என்று மேலே ஏறுகிறார். மகன், மகனின் மகன் என்று கீழே இறங்குகிறார். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று பெண்கள் அந்த ஏணியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெயர் கிடைத்தால் எழுதுகிறார். கிடைக்காவிட்டால் ‘பெயர் தெரியவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார். கேட்டால், பழைய காலம், ஆவணங்கள் அழிந்துபோயிருக்கும், யார் மீதும் குற்றமில்லை என்கிறார்.

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பெண்களின் பெயர்கள் தொலைந்துபோகவில்லை. அவை எழுதப்படவே இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தாயின் பெயரை எழுதிவைக்கச் சோம்பல்பட்ட அதே ஆண்களுக்கு, தாய்வழியைத் துல்லியமாகத் தொடர்வதில் லாபம் இருக்கிறது என்று தெரிந்தபோது எந்தச் சோம்பலும் இருக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவனின் குடும்பத்தைப் பார்த்தால் போதும். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைத்த முதல் குடியிருப்பான ஜேம்ஸ்டவுனுக்கு 1610இல் வந்துசேர்ந்த ஜான் ரால்ஃபின் குடும்பம் அது.

ரால்ஃப் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தவன். 1609இல் மனைவியுடன் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினான். புயலில் சிக்கிய கப்பல் பெர்முடா தீவில் தரைதட்டியது. தீவில் சிக்கியிருந்த அந்த மாதங்களில் அவன் மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். 1610 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததை அங்கிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிவைத்திருக்கிறான். தகப்பன் பெயர் இருக்கிறது. சாட்சியாக நின்ற கேப்டன் நியூபோர்ட்டின் பெயர் இருக்கிறது. தானும் சாட்சியாக நின்றதை எழுதிக்கொள்கிறான். ஞானத்தாயாக நின்ற திருமதி ஹார்ட்டனின் பெயரும், குழந்தைக்கு ‘பெர்முடா’ என்று தீவின் பெயரையே வைத்ததும் இருக்கின்றன. பெற்றவளின் பெயர் மட்டும் இல்லை.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை, எழுதத் தெரிந்தவன் கூடவே இருந்தான், அவளும் அந்தச் சிறு தீவில் அவன் கண்முன்னேதான் இருந்தாள். இருந்தும் எழுதத் தோன்றவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. சிறிது காலத்தில் தாயும் இறந்துபோனாள். இன்று ரால்ஃபின் வம்சாவளியில் அவள் ‘முதல் மனைவி’. சிலர் ஆதாரமில்லாமல் ஏதோ ஒரு பெயரை ஒட்டிவைத்து ஓட்டையை மறைக்கிறார்கள். அதுவும் ஒருவகை அவமதிப்புதான்.

அவனுடைய இரண்டாம் மனைவியைத்தான் உலகமே அறியும். பவ்ஹாட்டன் கூட்டமைப்பின் தலைவருடைய மகள். அமோனுட், மட்டோகா என்பவை அவள் பெயர்கள். போகஹாண்டஸ் என்பது செல்லப்பெயர். ஆங்கிலேயர் வைத்த ஞானஸ்நானப் பெயர் ரெபெக்கா. அவள் ஏற்கனவே கோக்கோம் என்பவனை மணந்திருந்ததாக அதே ஸ்ட்ரேச்சி எழுதியிருக்கிறான். 1613இல் கேப்டன் சாமுவேல் ஆர்கால் அவளைத் தந்திரமாகத் தன் கப்பலுக்கு வரவழைத்துப் பிணைக்கைதியாக்கினான். கப்பலின் பெயர் ‘டிரெஷரர்’. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

ஓராண்டுக்குச் சிறைப்பிடிப்பில் இருந்தவளை 1614 ஏப்ரலில் ரால்ஃப் மணந்தான். அதற்கு அனுமதி கேட்டு ஆளுநர் தாமஸ் டேலுக்கு அவன் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. உடல் இச்சைக்காக இல்லை, குடியேற்றத்தின் நன்மைக்காகவும், நாட்டின் கௌரவத்துக்காகவும், கடவுளின் மகிமைக்காகவும், தன் ஆன்ம ரட்சிப்புக்காகவும் இந்தத் திருமணம் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறான். அவள் வளர்ப்பும் பழக்கமும் நாகரிகமற்றவை என்றும் சொல்கிறான். அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் வாயால் சொல்லும் ஒரு தாளும் நம்மிடம் இல்லை. மட்டபோனி மக்களின் வாய்மொழி வரலாறு, சிறையில் அவள் பாலியல் வன்முறைக்கு உள்ளானாள் என்கிறது. ‘ஆதாரம் எங்கே’ என்று அதைத் தள்ளுகிறவர்கள், கடத்தியவர்களும் மணந்தவனும் எழுதியதை ஆதாரம் என்று தயங்காமல் ஏற்கிறார்கள். கைதியாக இருப்பவளின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று எந்தப் பெண்ணும் கேட்பாள். வம்சாவளி கேட்பதில்லை. ‘திருமணம், 1614’ என்று எழுதிக்கொள்கிறது.

1616இல் அவளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், குடியேற்ற நிறுவனத்தின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டினார்கள். 1617 மார்ச்சில் ஊர் திரும்பும் வழியில் கிரேவ்ஸெண்டில் அவள் இறந்தாள். இருபத்தியொரு வயதுதான் இருக்கும். சிறு மகன் தாமஸை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு ரால்ஃப் வர்ஜீனியாவுக்குத் திரும்பினான். மகனை அவன் மறுபடி பார்க்கவேயில்லை.

அடுத்து ஜேன் பியர்ஸை மணந்தான். எலிசபெத் என்று ஒரு மகள் பிறந்தாள். 1622இல் ரால்ஃப் இறந்தான். ஜேன் மறுமணம் செய்துகொண்டாள். வழக்கமான வம்ச வரலாறு இங்கே மூன்று மனைவிகள், மூன்று குழந்தைகள் என்று கணக்கை முடித்துவிடும். நாம் முடிக்க வேண்டாம். ஜேனின் பிறந்த வீட்டுக்குள் போவோம்.

1625இல் வர்ஜீனியாவில் வீடுவாரியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஜேனின் தந்தை வில்லியம் பியர்ஸின் ஜேம்ஸ்டவுன் வீட்டில் ‘ஏஞ்சலோ, ஒரு நீக்ரோப் பெண்’ என்று ஒரு பதிவு இருக்கிறது. ஆண்பால் முடிவோடு எழுதப்பட்ட அந்தப் பெயருக்குரியவளை இன்று ஆய்வாளர்கள் ஏஞ்சலா என்கிறார்கள். வயது இல்லை, குடும்பப் பெயர் இல்லை. வந்த கப்பலின் பெயர் மட்டும் இருக்கிறது: டிரெஷரர். போகஹாண்டஸைக் கடத்திய அதே கப்பல். 1619இல் அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற போர்த்துகீசியக் கப்பலை இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் கொள்ளையடித்தன. டிரெஷரர் அவற்றில் ஒன்று. அப்படிப் பறிக்கப்பட்ட ‘இருபதுக்கும் சற்று மேற்பட்ட’ ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் வந்திறங்கியதைக் கடிதத்தில் எழுதி நிறுவனத்துக்குத் தெரிவித்தவன் யார்? ஜான் ரால்ஃப்.

ஒருவனின் மனைவியும், அவன் மாமனார் வீட்டு அடிமைப் பெண்ணும் ஒரே கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். ஒருத்தி வம்சாவளியின் அலங்காரம். மற்றவள் வம்சாவளியிலேயே இல்லை, ஏனென்றால் அவள் உறவில்லை, உடைமை.

பெண்ணியவாதிகளான நமக்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஜேனின் தாய் ஜோன் பியர்ஸைப் பற்றி ஜான் ஸ்மித் பாராட்டி எழுதியிருக்கிறான். ஜேம்ஸ்டவுனில் மூன்று நான்கு ஏக்கரில் தோட்டம் வைத்திருந்த உழைப்பாளிப் பெண், ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட நூறு புஷல் அத்திப்பழம் பறித்ததாகச் சொன்னவள். விடுபட்ட பெண்களை மரத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கும் நூல்களுக்கு ஜோன் பிடித்தமானவள்: சுறுசுறுப்பான, தன்னம்பிக்கை மிக்க குடியேறிப் பெண். நூறு புஷல் பழத்தை அவள் ஒருத்தி கைதான் பறித்ததா? அந்த வீட்டில் ஒப்பந்த வேலைக்காரர்கள் இருந்தார்கள். ஏஞ்சலா இருந்தாள். எஜமானியின் பெயரை மட்டும் மீட்டெடுப்பது பாதி நியாயம்கூட ஆகாது. அது எஜமானர்களின் கணக்கில் எஜமானிகளையும் சேர்ப்பது, அவ்வளவுதான்.

இனி அந்தத் துல்லியமான தாய்வழிக் கணக்குக்கு வருவோம். ஆங்கிலேயச் சட்டப்படி குழந்தையின் நிலை தந்தையைச் சார்ந்தது. அந்தச் சட்டத்தை நம்பி 1655இல் வர்ஜீனியாவில் ஒரு பெண் வழக்குத் தொடுத்தாள். அவள் பெயர் எலிசபெத் கீ. தாய் ஆப்பிரிக்க அடிமை, தந்தை ஆங்கிலேயர். ‘என் தந்தை சுதந்திர மனிதர், ஆகவே நானும் சுதந்திரமானவள்’ என்று வாதாடினாள். ஒரு நீதிமன்றம் ஏற்றது, மேல்மன்றம் மறுத்தது, அவள் விடவில்லை. 1656இல் விடுதலை பெற்றாள்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1662இல், வர்ஜீனியாவின் சட்டமன்றம் அந்த வழியை அடைத்தது. குழந்தை அடிமையா, சுதந்திரப் பிறவியா என்பது இனி தாயின் நிலையைப் பொறுத்தே முடிவாகும் என்று சட்டம் போட்டது. இதன் பொருளை நிறுத்தி யோசியுங்கள். சொத்துக்கும் குடும்பப் பெயருக்கும் தந்தைவழி. அடிமைத்தனத்துக்குத் தாய்வழி. அடிமைப் பெண்ணை எஜமானன் வன்புணர்ந்தால் பிறக்கும் குழந்தைக்கு அவன் தந்தை ஆகமாட்டான், உரிமையாளன் ஆவான். அவனுடைய குற்றமே அவனுடைய சொத்தைப் பெருக்கும். பெயரில்லாத தாய்களின் கருப்பைகளை இவ்வளவு கவனமாகப் பின்தொடர்ந்த அரசுக்குப் பெண்களின் பெயரை எழுதிவைக்க வழி தெரியவில்லை என்பதை நாம் நம்ப வேண்டுமாம்.

‘அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா’ என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். எலிசபெத் கீயும் அந்தக் காலத்துப் பெண்தான். அவள் அளந்துவிட்டாள். அவளுடைய அளவுகோலைக் கண்டு பயந்துதானே சட்டத்தையே மாற்றினார்கள்?

ரால்ஃபின் மரம் அதன்பின் செழித்தது. மகன் தாமஸ் வர்ஜீனியாவுக்கு வந்தான். அவன் மகள் ஜேன், ராபர்ட் போலிங்கை மணந்து ஒரு மகனைப் பெற்றாள். அந்த வழியில் வந்தவர்கள் வர்ஜீனியாவின் செல்வாக்கான குடும்பங்களானார்கள். போகஹாண்டஸின் ரத்தம் தங்களிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது அவர்களுக்குப் பெருமை. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் இரண்டாம் மனைவி ஈடித் போலிங்கும் இந்த மரபைச் சேர்ந்தவர்தான்.

1924இல் வர்ஜீனியா ‘இனத் தூய்மைச் சட்டம்’ கொண்டுவந்தது. வெள்ளையர் அல்லாதவரின் ஒரு துளி ரத்தம் இருந்தாலும் ஒருவர் வெள்ளையர் இல்லை, வெள்ளையரை மணக்க முடியாது. இப்படிச் சட்டம் போட்டால் போலிங் குடும்பத்தார் என்ன ஆவார்கள்? ஆகவே ஒரு விலக்கு எழுதப்பட்டது. பூர்வகுடி ரத்தம் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருந்து, வேறு கலப்பு இல்லையென்றால் அவர் வெள்ளையரே. ‘போகஹாண்டஸ் விலக்கு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

கடத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயர், அவள் பேரப்பிள்ளைகளின் வெள்ளைத்தோலுக்குக் காப்பீடாயிற்று. அவள் பிறந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது? மாநிலப் பதிவுத்துறையின் தலைவராக இருந்த வால்டர் பிளெக்கர், பூர்வகுடிகளின் பிறப்புப் பதிவுகளில் ‘இந்தியர்’ என்பதை மறுத்து ‘நிறத்தவர்’ என்று எழுதவைத்தார். ஒரு மக்கள்கூட்டமே காகிதத்திலிருந்து அழிக்கப்பட்டது. பின்னாளில் கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் கேட்டபோது, ‘தொடர்ச்சியான ஆவணம் காட்டு’ என்றார்கள். அழித்தவர்களே ஆவணம் கேட்டார்கள்! 1924 சட்டத்தின் திருமணத் தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல்தான் ரத்து செய்தது. வர்ஜீனியாவின் ஆறு பழங்குடிகளுக்கு 2018இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அங்கீகாரம் வழங்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் மூதாதையரைத் தேடும்போது மோதிக்கொள்ளும் சுவரும் இப்படிக் கட்டப்பட்டதுதான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டுமே குறிக்கப்பட்டன. பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. ரால்ஃபின் வாரிசு நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகலாம். ஏஞ்சலாவுக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களின் வாரிசுக்கு அந்தப் பாதை கிடையாது. இது ஆவணங்களின் தற்செயல் இல்லை. திட்டமிட்ட ஏற்பாடு.

அதற்காக வம்ச வரலாறு தேடுவதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம், தேடுங்கள். தேடும் விதத்தை மாற்றுங்கள். ரத்தத்தை மட்டும் பின்தொடராமல் வீட்டைப் பின்தொடருங்கள். அந்தக் கூரையின் கீழ் யார் சமைத்தார்கள், யார் பிள்ளை பெற்றார்கள், யார் வயலில் நின்றார்கள், யார் விலைக்கு வாங்கப்பட்டார்கள் என்று எல்லோரையும் எழுதுங்கள். ஒரு பெண்ணின் பெயர் கிடைக்காத இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘பெயர் எழுதப்படவில்லை’ என்று எழுதுங்கள். எழுதியிருக்க வேண்டியவன் யார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

பெர்முடாவின் தாய்: பெயர் எழுதப்படவில்லை. எழுதாதவன் வில்லியம் ஸ்ட்ரேச்சி. கூட இருந்தவன் ஜான் ரால்ஃப்.