விற்காத புத்தகத்தை யார் போடுவது?



நாலு பேர்கூடப் படிக்காத வட்டார ஆய்வு நூல்களைப் பல்கலைக்கழகங்கள் அச்சடிப்பது வரிப்பண விரயம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அந்த உரிமையில் சொல்கிறேன்: தவறு, மாப்பிள்ளை.

விற்கிற புத்தகத்தைப் போட ஆயிரம் பதிப்பகம் இருக்கிறது. சமையலையும் ஜோதிடத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விற்காது என்று தெரிந்தும், வேண்டியதைப் போடத்தான் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் அனுபந்தம். லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். எந்த வியாபாரி அத்தனை வருஷம் பொறுத்திருப்பான்? இன்று அதை இணையத்தில் சொல் தேடிப் பார்க்கும்படி வைத்திருப்பது சிகாகோ பல்கலைக்கழகம். இதற்கு நாம் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் சொன்ன கதைகளை அவர்கள் மொழியிலேயே எமனோ என்ற அறிஞர் எழுதிக்கொண்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டது. உலகப் போர் நடந்த நேரம்! ஊட்டிக்குப் போய் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கி வருகிறோமே, கோத்த மொழி என்று ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்காகப் பல்கலைக்கழகங்களையும் சும்மா விடுவதற்கில்லை. அச்சடித்து, மேடையில் வெளியிட்டு, கிடங்கில் பூட்டிவிட்டால் கடமை முடிந்ததா? போன வருஷம் ஒரு கல்வெட்டு நூலுக்காக இரண்டு பஸ் மாறி ஒரு விற்பனைப் பிரிவுக்குப் போனேன். இருப்பில் இல்லை. மறுபதிப்பு வருமா என்றேன். “கேட்பார் யாருமில்லை சார்” என்றார் அங்கிருந்தவர். கேட்கத்தானே ஐயா எதிரே நிற்கிறேன்!

இருபது பிரதி மட்டும் அச்சடித்துக்கொள்ளும் வசதி இன்று வந்துவிட்டது. பிறகும் “இருப்பில் இல்லை” என்ற அட்டை எதற்கு? புதிய நூல்களின் விலைப்பட்டியல் மாவட்ட நூலகத்துக்காவது போக வேண்டாமா?

பள்ளி, கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகள் இந்த மாதமே உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் மாவட்டத்தைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூல்கள் எவை, எது கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை எழுத்தில் தரட்டும். வருகிற பதிலை இங்கேயே போடுங்கள்.