அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ மாசக் கணக்கில் மூத்திரக் குழாய் போட்டிருக்கிறதா? இந்த வாரம் உங்களுக்கு. மற்றவர்கள் ஜோக்ஸ் பக்கத்துக்குப் போகலாம். நமக்கும் வயசாகும், திரும்பி வருவீர்கள்.

'ஃபோலி கதீட்டர்' என்பார்கள். 1930-களில் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் செய்தது. நுனியில் குட்டி பலூன். உள்ளே போனதும் தண்ணீர் ஏற்றி உப்ப வைத்தால் நழுவாது. வம்பெல்லாம் அது அடைத்துக்கொள்ளும்போதுதான். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு!

அடைப்பது அழுக்கில்லை, பெரும்பாலும் கல். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்றொரு பாக்டீரியா, யூரியாவை உடைத்து அம்மோனியா பண்ணும். சிறுநீர் காரமாகும் (மிளகாய்க் காரமில்லை, சோப்புக் காரம்). உடனே மக்னீசியம், கால்சியமெல்லாம் பாஸ்பேட் உப்பாகக் குழாய்க்குள் படியும். போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியுமே, அதே கதை.

இதற்கு நல்ல எதிரி தண்ணீர். கூடவே எலுமிச்சை ஜூஸ். அதிலுள்ள சிட்ரேட் உப்பைச் சீக்கிரம் படிய விடாது. ஆனால் அப்பா குடிக்க மாட்டார். ஏன்? பை நிறைந்தால் பிள்ளையைக் கூப்பிடணுமே! பத்து வருஷம் முன்னால் "எங்கேடா சுத்திட்டு வரே?" என்று அதட்டியவர், இப்போது "அப்புறம் குடிக்கிறேம்ப்பா" என்று டம்ளரை நகர்த்தி வைக்கிறார். ஆகவே அவர் கூப்பிடுமுன் நீங்களே பையைக் காலி பண்ணுங்கள். முகம் சுளிக்காமல், கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டே. அரைமணியில் அவரே தண்ணீர் கேட்பார். (இதயம், கிட்னி கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும்.)

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். ட்யூப் மடங்கக் கூடாது. மலச்சிக்கல்கூடக் குழாயை அழுத்தும், வாழைப்பழத்தை மறக்காதீர்கள்.

குழாய் மாற்றும்போது நர்ஸிடம், பழைய குழாயின் நுனியை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் மாதிரி நறநறத்தால் கல் படிகிறது. எத்தனையாவது நாளில் அடைக்கிறது என்று காலண்டரில் குறித்து வைத்தால், அடுத்த முறை அதற்கு முன்பே மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மாத்திரையால் இந்தப் படிவு கரையாது. கடைக்காரர் கொடுக்கும் ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம்.

பையில் ஒரு சொட்டும் விழவில்லை, அடிவயிறு கல்லாட்டம் இருக்கிறதா? ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ பிடியுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிரிஞ்சு வைத்து நீங்களாகக் குத்தவும் வேண்டாம்.