கையெழுத்து யாருடையது?

"டாக்டரம்மா, அவர் ஊரில் இல்லை. வர இன்னும் பத்து நாள் ஆகுமே!" என்று கண் கலங்கினாள் அந்தப் பெண். மூத்தது இன்னும் கைக்குழந்தை. ஜாக்கிரதையாக இருந்தும் மறுபடி கரு தங்கிவிட்டது.

"புருஷன் கையெழுத்து வேணும்னு யாரம்மா சொன்னது?"

"முதல்ல போன இடத்துல கேட்டாங்களே!"

சகோதரிகளே, இதை மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். நம் நாட்டில் 1971-ல் வந்த சட்டப்படி, கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். வயது நிரம்பாதவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும்தான் காப்பாளர் கையெழுத்து.

அதற்காக, நினைத்தபடியெல்லாம் கலைக்கலாம் என்று அர்த்தமில்லை. தாயின் உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு, சிசுவுக்குப் பெரிய குறைபாடு, பலாத்காரம், கருத்தடை முறை தவறியது போன்ற காரணம் வேண்டும். பெண் சிசு என்பது காரணமே ஆகாது! 2021 திருத்தத்துக்குப் பின், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். அதற்கு மேல் 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் சிலருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும். மணமாகாத பெண்களை இதில் ஒதுக்கக் கூடாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உங்கள் பெயரை வெளியே சொல்வதும் குற்றம்.

ஆகவே, நாள் தள்ளிப் போனால் எருக்கங்குச்சி, கடை மாத்திரை என்று உயிரோடு விளையாடாதீர்கள். காலம் கடத்தாமல் தகுதியுள்ள டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பெண் அன்றே தன் கையெழுத்தைத் தானே போட்டாள்.