மடம் இருந்த இடத்தில் மாளிகை

மாஸ்கோ நகரத்தில் தொழிலாளிகளுக்கென்று கட்டப்பட்ட ஜில் கலாசார மாளிகை என்னும் கட்டிடத்தைப்பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத நினைக்கிறோம். மாளிகை என்றவுடன் ராஜாவையும் ராணியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரியும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலையில் கையில் கரி பூசிக்கொண்டு உழைத்தவர்களுக்காக எழுந்தது இது. லியோனித், விக்டர், அலெக்சாந்தர் என்னும் வெஸ்னின் சகோதரர் மூவரும் திட்டம் போட்டார்கள். 1931-ல் வேலை துவங்கி, நாடகசாலை மட்டும் முன்னதாக 1933-ல் திறக்கப்பட்டு, 1937-ல் மற்ற பகுதியும் முடிந்தது.

பெரிய கட்டிடமென்றால் பார்க்கிறவன் பயப்பட வேண்டும், தான் அற்பன் என்று தலை குனிய வேண்டும் என்பது அரசர்களும் குருமார்களும் கண்டுபிடித்த தந்திரமாகும். இந்தச் சகோதரர்கள் அந்தத் தந்திரத்தை அடியோடு தள்ளிவிட்டார்கள். வரிசைத் தூண் இல்லை; பொம்மைச் சிற்பம் இல்லை; முலாம் பூச்சு இல்லை. வெள்ளைச் சுவர், அகன்ற கண்ணாடி ஜன்னல், தாராளமான வெளிச்சம், இவ்வளவுதான் அலங்காரம். உள்ளே சுமார் 1200 பேர் உட்காரும் நாடகசாலை, புஸ்தகசாலை, பிரசங்க மண்டபம், சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் தனித்தனி அறைகள், பனிக்காலத்திலும் செடி பசுமையாயிருக்கும் கண்ணாடித் தோட்டம் ஆகியவை இருந்தன. இவற்றிற்கெல்லாம் மேலாகக் கூரையின்மீது ஒரு குமிழ்மாடம் உண்டு. குமிழ்மாடம் என்றால் அதற்குள்ளே சாமி இருக்குமென்று நினைப்பது வழக்கமல்லவா? இங்கே இருந்தது தூரதிருஷ்டிக் கண்ணாடி! கிரகத்துக்குப் பூசை செய்யாமல் கிரகத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொள் என்று தொழிலாளிக்குச் சொன்ன கட்டிடம் என்பதற்காகவே இதை நாம் பாராட்டுகிறோம்.

நிற்க, இம்மாளிகை நிற்கும் மண்ணில் முன்பு சிமோனவ் மடம் இருந்தது. 1370-ம் ஆண்டு வாக்கில் ஏற்பட்ட பழைய மடம். அதன் பெரும்பகுதியை 1930 ஜனவரியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்து, அந்த இடத்தில்தான் இதைக் கட்டினார்கள். மடம் இடிந்ததென்றால் இந்தக் கூட்டத்தார் கைதட்டுவார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கைதட்டப் போவதில்லை. ஏனெனில், தகர்க்கும்போது அது மடமாகவே இல்லை. சாமியார்களை வெளியேற்றிவிட்டு 1920-களிலேயே அதைப் பொருட்காட்சிசாலையாக்கி விட்டார்கள். யாரையும் ஏமாற்றாமல், பழைய காலம் எப்படியிருந்தது என்று காட்டிக்கொண்டிருந்த சுவரை இடித்ததினால் எந்த மூடநம்பிக்கை செத்தது? அங்கே புதைக்கப்பட்டிருந்த எழுத்தாளர் அக்சாகவின் எலும்பைக்கூடத் தோண்டி வேறிடம் கொண்டுபோக நேர்ந்தது. வெடிமருந்து கல்லைப் பிளக்குமே தவிர, கருத்தை மாற்றுமா? கருத்தை மாற்றக்கூடியது அந்தப் புஸ்தகசாலையும் கூரைமேலிருந்த கண்ணாடியுமே.

அந்தப் புஸ்தகசாலையின் சாவி யாரிடமிருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கோவிலைப்பற்றி நாம் கேட்கிற கேள்வியை மாளிகையைப்பற்றியும் கேட்காவிட்டால் நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எதைப் படிக்கலாம், எந்த நாடகம் போடலாம் என்பதைக் கட்சியும் சர்க்காருமே தீர்மானித்தன. கோவிலுக்குச் சாமி பேர் வைப்பதுபோலத் தொழிற்சாலைக்கு 1931 முதல் 1956 வரை உயிரோடிருந்தபோதும் செத்தபின்னும் ஸ்டாலின் பேரே இருந்தது. மாளிகை முடிந்த 1937-ம் வருஷம், வாயைத் திறந்தவர்களும் திறவாதவர்களும் ஆயிரக்கணக்கில் சுட்டுக்கொல்லப்பட்ட வருஷமாகும். கட்டிடக் கலையிலுங்கூட மேலிடத்து ருசி அதற்குள் மாறிப்போய், தள்ளிவைத்த தூணும் அலங்காரமும் மற்றக் கட்டிடங்களில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. 4000 பேருக்கென்று திட்டமிட்ட பெரிய நாடகசாலை கட்டப்படவே இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும், அங்கே பாட்டுக் கற்றுக்கொண்டவனும் படம் எழுதப் பழகியவனும் அடைந்த லாபம் பொய்யாகிவிடாது. தன் மகனோ மகளோ படிப்பதற்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாமென்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கு அந்தக் கட்டிடத்தில் கிடைத்தது.

சோவியத் சர்க்கார் 1991-ல் போயிற்று. பிறகு அந்தத் தொழிற்சாலையும் நின்று, நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. மாளிகை மாத்திரம் நகரசபையின் கலாசார நிலையமாக இன்றும் வகுப்பு நடத்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே மடத்தின் தெற்கு மதிலும், கோபுரங்கள் சிலவும், சாப்பாட்டு மண்டபமும் வெடிக்குத் தப்பி நிற்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை 1990-களில் கிறிஸ்தவர்களிடம் திருப்பிக்கொடுத்தார்கள். காது கேளாதவர்களுக்காகக் கைச்சைகையில் அங்கே ஆராதனை நடக்கிறது.