ஆடலாசானை அறிவோமா?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயில்வோர் ஒன்றைக் கருத்தில் இருத்துதல் நலம். ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறிய மாதவியின் ஆடலைக் கூறுமுன்னரே, அவளுக்கு அமைந்த ஆடலாசானின் தகுதி இன்னது, இசையாசிரியனின் தகுதி இன்னது, தண்ணுமையும் குழலும் யாழும் வல்லாரின் தகுதி இன்னது என்று இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். ஆடுவாளைக் காணுமுன் ஆட்டுவித்தாரை அறிதல் வேண்டும் என்பது அடிகளின் கருத்துப் போலும்! நாமோ மேடையில் ஆடுவார்க்குக் கைதட்டி மீள்கின்றோம். அவர்க்குக் கற்பித்தார் யாவர், எவ்வாறு கற்றார் என்று வினவுவதில்லை.

உருக்மிணி தேவியார் 1935இல் அடையாற்றில் ஆடியதையும், 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதையும் பலர் அறிவர். அவர்க்கு ஆடல் பயிற்றியோரை அறிந்தார் சிலரே. ஒருவர் தஞ்சை நால்வரின் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மற்றொருவர் மயிலாப்பூர்க் கோயிலில் ஆடிய மரபினரான கௌரி அம்மாள். அவ்வம்மையின் குலத்தாரை உலகம் இகழ்ந்தது. அவர்கள் காத்த கலையை மட்டும் ஏற்றுப் புகழ்ந்தது. கொடுத்தாரை மறந்து கொடையைக் கொண்டாடுதல் அறமாகுமோ?

நிற்க, நம் கொங்கு நாட்டை நோக்குவோம். பகலெல்லாம் காட்டிலும் தோட்டத்திலும் உழைத்தோர், இராப்பொழுதில் ஊர்ப் பொதுவிடத்தில் வட்டமாக நின்று, வாத்தியார் பாட்டெடுக்க, அடிவைத்து வள்ளி கும்மி பயில்கின்றனர். பல நாட் பயிற்சிக்குப்பின் ஊரறிய அரங்கேற்றம் நிகழும். சென்ற விடுமுறையில் எம்மூர்க்கு வந்த முதிய வாத்தியார் ஒருவரை அணுகி, "ஐயா, தாங்கள் யாரிடம் கற்றீர்கள்?" என்று வினவினேன். அவர் சிறிது நேரம் என்னையே நோக்கி, "இத்தன வருசத்துல ஆரும் இதக் கேட்டதில்லீங்க, தம்பி" என்றார். யான் நாணினேன்.

மேட்டுப்பாளையப் பகுதியினரான பத்திரப்பன் அவர்கள் வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு பயிற்றியவர். 2024இல், தம் 87ஆம் வயதில், பத்மஸ்ரீ விருதுக்குரியவராய் அறிவிக்கப்பெற்றார். முருகன் வள்ளி கதையோடு நாட்டு வரலாறும், சுற்றுச்சூழற் காப்பும், சமூகச் சீர்திருத்தமும் அவர்தம் பாட்டிற்குப் பொருளாயின. ஆயினும் விருதினும் பெரிது ஒன்றுண்டு. பெரிதும் ஆடவரே ஆடிவந்த இவ்வொயிலை அவர் மகளிர்க்கும் பயிற்றினார். குன்றத்து மகளிர் முருகனைப் பாடிக் குரவையாடியதைக் குன்றக் குரவை காட்டாநிற்க, வள்ளியின் கதையாடும் வட்டத்தில் பெண்ணுக்கு இடமின்மை எவ்வாறு பொருந்தும்? தாம் கற்றதை வழுவாது கற்பிப்பார் நல்லாசிரியர். தாம் கற்ற காலத்தில் வாயிற்புறத்தே நின்றாரையும் உள்ளழைத்துக் கற்பிப்பார் அவரினும் நல்லாசிரியர்.

கும்மி இன்ன குலத்தார்க்கே உரியது என்பாரும் உளர். குறவர் குடியில் வளர்ந்த வள்ளியை வேலன் மணந்த கதையைப் பாடிக்கொண்டே குலவேலி கட்டுதல் நகைப்பிற்கிடமன்றோ? ஆடல் நமக்கு ஆகாது என்பார் எம் கிறிஸ்தவ சமயத்தாருள்ளும் உளர். ஆடற்குரிய குறவஞ்சியின் வடிவை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அன்னார்க்கு விடையாவார்.

ஆதலின் மாணவ நண்பர்க்கு யான் கூறுவது இது: நம் தமிழ் மன்ற விழாவில் ஆண்டுதோறும் கும்மி வாத்தியார் ஒருவரை அழைப்போம். ஆட்டத்தைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அவர் வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைப்போம். விடுமுறையில் ஊர் செல்வோர் தத்தம் ஊர் வாத்தியாரிடமும் இதனைச் செய்யலாம். ஏட்டில் ஏறாத பாட்டும் அடியும் அவர் மறையின் உடன் மறையும். பழைய ஆடலாசானின் தகுதியை மனனம் செய்து தேர்வெழுதும் நாம், நம் ஊர் ஆடலாசானின் பெயரையேனும் அறிந்திருத்தல் வேண்டாமோ?