"ஏன் குடித்தீர்கள்?": கருணாபுரத்தில் கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாத கேள்விகளும்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கருணாபுரத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் தலித் நாட்கூலித் தொழிலாளர்கள். அடுத்த சில வாரங்களில் அந்தக் குறுகிய தெருக்களுக்குள் காவல்துறையினர், வருவாய்த்துறையினர், ஊடகத்தினர், கட்சிப் பிரதிநிதிகள், உண்மை அறியும் குழுவினர், ஆய்வு மாணவர்கள் எனப் பலரும் வந்தனர். கணவனை இழந்த பெண்கள் ஒரே கதையை மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. வந்தவர்களில் பலரும் கேட்ட முதல் கேள்வி: "ஏன் குடித்தார்?"

இக்கேள்வி மரணத்திற்கான பொறுப்பை மாண்டவரிடமே ஒப்படைத்துவிடுகிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே அமைந்த நகர்ப்பகுதியில் கள்ளச்சாராயம் எவ்வாறு விற்கப்பட்டது, அதனால் ஆதாயம் பெற்றவர்கள் யார், புகார்கள் என்னவாயின ஆகிய கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. சமூகவியலில் நேர்காணல் ஓர் ஆய்வுமுறையாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வில் அது வெறும் ஆய்வுமுறை அன்று. அவர்களுக்கு நீதி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் பல நேரங்களில் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் சாட்சியம் மறுக்கப்பட்டபோது

முதல் மரணங்கள் நேர்ந்தவுடன் குடும்பத்தினர் தெளிவாகவே பேசினர். சாராயம் குடித்தபின் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன, கண்பார்வை மங்கியது என்றனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதாவது, ஆய்வக முடிவு வருமுன்பே அந்த மக்களின் சொற்களில் நோயின் அடையாளம் இருந்தது. எனினும் மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் சாராயம் காரணமல்ல என்று மறுத்தது. துக்க வீடுகளுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாக வெளியான செய்திகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, அம்மறுப்பின் விலை எத்தகையது என்பது விளங்கும். பின்னர் மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது; அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தைய சாட்சியம் சேரிப் பெண்களுடையது. அது ஏன் சாட்சியமாகக் கொள்ளப்படவில்லை என்பதே நமது கேள்வி.

கேட்பவர் எங்கே நிற்கிறார்?

இதற்கான விடையின் ஒரு பகுதி சமூகவியலின் வரலாற்றிலேயே இருக்கிறது. தஞ்சை மாவட்டக் கிராமமொன்றை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேய், களப்பணியின்போது அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் சேரி மக்களோடு தடையின்றிப் பழக இயலவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அவரது நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் இந்தியக் கிராமம் பற்றிய பாடநூல் அறிவில் எவ்வளவு பகுதி ஊர்த்தெருவின் திண்ணையிலிருந்து எழுதப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்ட் பெரிமன் 1962இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. இமயமலை அடிவாரக் கிராமமொன்றில் அவருக்கு முதலில் ஒரு பிராமணர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவர் நோயுற்று விலகியபின் ஒரு முஸ்லிம் ஆசிரியர் அப்பணிக்கு வந்தார். அதே கிராமம், அதே ஆய்வாளர். ஆனால் மக்கள் சொன்னவை மாறின. ஒடுக்கப்பட்ட சாதியினர் முன்பைவிடத் திறந்து பேசினர். இறைச்சி, மது பற்றிய செய்திகள் முன்பு மறைக்கப்பட்டிருந்தன. முதலில் சொன்னது பொய், பின்னர் சொன்னது உண்மை என்று இதை எளிதாகச் சுருக்கிவிட முடியாது. யார் முன்னிலையில் எதைச் சொல்வது பாதுகாப்பானது என்பதை மக்கள் கணித்தே பேசுகிறார்கள்.

இக்கணிப்பைக் கல்வராயன் மலையிலும் காணலாம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அம்மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களைத் தேடி வெளியிலிருந்து வருபவர் பெரும்பாலும் வனத்துறையினராகவோ, சாராய ஊறலைத் தேடும் காவலராகவோ இருந்து வந்துள்ளனர். ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்ற குற்றச்சாட்டில் கைதான குடும்பங்களும் அங்கு உண்டு. கையில் குறிப்பேட்டுடன் நிற்கும் ஆய்வாளரை அம்மக்கள் வேறு யாராக எண்ணுவார்கள்? "இங்கே சாராயம் காய்ச்சுகிறார்களா?" என்ற கேள்விக்கு அவர் பெறும் மௌனம் 'ஒத்துழைப்பின்மை' அன்று. அந்த மௌனத்தையும் தரவாகப் படிக்கத் தெரிய வேண்டும். கருணாபுரம் மரணங்களுக்குப் பின் உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, வாழ்வாதாரம் ஆகியவற்றைக் கேட்ட அவ்வணுகுமுறை சரியானது. சாராயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

பதிலின் விலை

பதில் சொல்பவர் ஏற்கும் இடர்ப்பாட்டையும் நாம் மறக்கலாகாது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. ஈராண்டு விசாரணைக்குப் பின் 2025 ஜனவரியில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகச் சுட்டியது. தலித் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவு எதுவாயினும், பாதிக்கப்பட்டவர் சொன்ன சொல் அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும் என்ற அச்சம் தமிழகச் சேரிகள் எங்கும் பரவியுள்ளது. அவ்வச்சத்தோடுதான் அடுத்த நேர்காணல் தொடங்குகிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்த பறையர் சமூகப் பெண் விவசாயத் தொழிலாளி வீரம்மாவின் வாழ்க்கையை, ஜோசியான் ரசீன் தமிழிலேயே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கேட்டுப் பதிவு செய்தார். 1995இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நூலில் வீரம்மா ஒரு 'தகவலாளி'யாகச் சுருங்கவில்லை. தன் உழைப்பையும் துயரையும் பாட்டையும் நகைச்சுவையையும் தாமே விளக்கும் மனிதராக நிற்கிறார். ஒருநாள் வருகையில் இது வாய்க்காது.

எனவே கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் செல்லும் ஆய்வாளர்களிடமும் ஆணையங்களிடமும் நாம் சிலவற்றை வலியுறுத்துகிறோம். காவலர், உள்ளூர்ப் பெரும்புள்ளி, கட்சிக்காரர் முன்னிலையில் நேர்காணல் நடத்தக் கூடாது. பெண்களின் கூற்றைத் தனியே, அவர்கள் விரும்பும் இடத்தில் கேட்க வேண்டும். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, திருத்தவும் திரும்பப் பெறவும் உரிமை தர வேண்டும். கேள்விகளை வகுக்கும் குழுவில் தலித், பழங்குடி ஆய்வாளர்கள் இடம்பெற வேண்டும். இழப்பைச் சொல்லச் சொல்லி மீண்டும் மீண்டும் கதவைத் தட்டும் ஊடகப் பழக்கத்தை நாமும் கைவிட வேண்டும்.

1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்த அம்பேத்கர், தீண்டப்படாதோருக்குத் தீண்டப்படாதோரே பிரதிநிதிகளாக இருக்க இயலும் என்று வாதிட்டார். அது சட்டமன்றத்தைப் பற்றிய வாதம். அறிவு உருவாகும் இடத்துக்கும் அது பொருந்தும். கருணாபுரத்துப் பெண்களிடம் இனி யாரேனும் சென்றால், "உங்கள் புகாரை யார் கேட்க மறுத்தார்கள்?" என்று தொடங்கட்டும்.